வராத ஒன்பது நாளின் காசு

கஜேந்திரா,

அன்றைக்கு உத்திரமேரூர் பேங்கில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, அப்படியில்லை இப்படி என்று உன்னிடம் கதையை மாற்றக் கூடாது. நான் இருந்தேன். உன் நைனா இருந்தார். என் கூடப் பிறந்த அண்ணன், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ஏகாம்பரம் இருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜர். அவருக்குப் பக்கத்தில், கடன் கொடுத்த கிணற்றையும் மோட்டாரையும் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதுகிற பீல்டு ஆபீசர்; மீசை அப்போதுதான் அடர்ந்துகொண்டிருந்த பிள்ளை. கம்பிக் கூண்டுக்குள் கேஷியர். சுவரோரம் தனி மேசை போட்டு, மெட்ராஸிலிருந்து கணக்கைச் சோதிக்க வந்திருந்த தடித்த கண்ணாடிப் பெரியவர். நகையை அடகு வைக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த திருப்புலிவனத்து அம்மாள் ஒருத்தி. நீ இல்லை. நீ காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். உன் காதுக்குப் போகக் கூடாது என்று சொன்னவள் நான்தான். அது தப்பு என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கே சொல்லியிருந்தால் போன மாதம் நீ உன் பெண்டாட்டியிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டாய்.

என்ன பேசினாய் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. மருமகள் எழுதியிருந்தாள். வீடு கட்ட வாங்கின கடனில், ஒரே வருஷத்தில் இன்சூரன்ஸ் என்று இரண்டு முறை பிடித்திருக்கிறார்களாம். பாஸ்புக்கைப் பார்த்து அவள் கேட்டாளாம். நீ, "மூணு தவணை பாக்கி வெச்சுக்கினு எந்த மூஞ்சோட போயி கேக்கறது, சும்மா இரு" என்றாயாம். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் கண்ணுக்கு ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்திருக்கிறார். கட்டுப் போட்டுவிட்டால் எப்போது எழுதுவேனோ தெரியாது. நாலாம் வகுப்பு எழுத்துதான், கோணல் மாணலாகத்தான் இருக்கும். ஒரு எழுத்து விடாமல் படி.

மேற்கு வெளியில் இருக்கிறதே ஒன்றேகால் ஏக்கர் கொல்லி, அது என் அப்பா எனக்கு மஞ்சக்காணியாகக் கொடுத்தது. கல்யாணம் ஆகிப் போகிற பெண்ணுக்கு மஞ்சள் குங்குமச் செலவுக்கு என்று எழுதி வைக்கிற நிலம். பட்டா என் பேரில். ஏரி தண்ணீரை நம்பினால் ஒரு போகத்துக்கே தாளம் போடுகிறது என்று, கிணற்றை ஆழப்படுத்தி அஞ்சு குதிரை மோட்டார் வைக்கக் கடன் கேட்டோம். நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் கடன் என்றார்கள். அதனால் கடனும் என் பேரில். ஆனால் பேங்க் மனிதர்கள் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். உன் நைனாவிடம்தான் பேசுவார்கள். நான் வரப்பில் நிற்பேன். கடன் பாஸ்புக் முழுக்க இங்கிலீஷ். நமக்கு இங்கிலீஷ் படித்துச் சொல்ல ஒரே ஆள் உன் மாமன். ஒவ்வொரு தையிலும் பொங்கல் சீர் கொண்டு வரும்போது பாஸ்புக்கை எடுத்து அவரிடம் நீட்டுவேன். நடுவில் நடுவில் பதினெட்டு, பதினெட்டு என்று சின்னத் தொகையாக விழுந்திருக்கும். எண் எனக்குத் தெரியும் அல்லவா, விரலை வைத்துக் கேட்பேன். "அது பேங்கு செலவு. அதெல்லாம் கேக்கக் கூடாது. கரெக்டா கீது" என்று மூடிக் கொடுத்துவிடுவார். நாலு தை கேட்டேன். நாலு தையும் கரெக்டாக இருந்தது.

கணக்குப்பிள்ளை, மணியக்காரர் வேலையையெல்லாம் அரசாங்கம் எடுத்துவிட்டதே, அதற்கு அடுத்த வருஷம். இரண்டு வருஷமாக ஏரி நிரம்பவில்லை. போதாக்குறைக்கு அந்த ஆடியில் மோட்டார் காயில் எரிந்து, வாலாஜாபாத்தில் ரீவைண்டிங் கடையில் நாற்பத்தொரு நாள் கிடந்தது. தவணை தவறிப்போனது. அப்படியும் சம்பா நட்டோம். மார்கழியில் கதிர் பால் பிடிக்கிற நேரம், இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ச்சினால் நெல், பாய்ச்சாவிட்டால் பதர். அப்போது நோட்டீஸ் வந்தது. ஆயிரத்து அறுபது ரூபாயும் இத்தனாம் தேதிக்குள் முழுதாகக் கட்டாவிட்டால் மறுநாள் ஜீப் வந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போகும் என்று. கிடாரிக் கன்றை விற்றோம். நீ பேர் வைத்த கன்றுதான், உன்னிடம் நோய் வந்து செத்தது என்று சொன்னேன், விற்றதுதான் உண்மை. தொள்ளாயிரம் வந்தது. நூற்றறுபது குறைந்தது. உன் நைனா இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தார். ஏரி காய்ந்த வருஷத்தில் யாரிடம் இருக்கும்.

அந்த நோட்டீஸ் தமிழில் டைப் அடித்து வந்திருந்தது. நான் அதை எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி, அடுப்படியில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். தவணை இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று வந்து, கீழே, 'நேரடி ஆய்வுக் கட்டணம், வாகனச் செலவு உட்பட, பதினோரு முறை, நூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாய்' என்றிருந்தது. நேரடி ஆய்வு என்றால் என்னவென்று உன் நைனாவைக் கேட்டேன். ஆபீசர் வந்து மோட்டாரைப் பார்ப்பது என்றார். பதினோரு முறையா என்றேன். அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

கடைசி நாள் காலையில் சாலவாக்கம் வந்து டவுன் பஸ் பிடித்தோம். படித்தவர் ஒருவர் கூட இருக்கட்டும் என்று உன் மாமனை வரச் சொல்லியிருந்தேன். மடிப்புக் கலையாத வேட்டியில், குடையோடு வந்தார். மேனேஜர் அவரைப் பார்த்து, "வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலி காட்டினார். அவர் உட்கார்ந்தார். நாங்கள் நின்றோம். நான் மஞ்சள் பையிலிருந்து தொள்ளாயிரத்தை எடுத்து வைத்தேன். முழுதாகக் கட்டினால்தான் ஜப்தி நிற்கும், இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்றார் மேனேஜர். நான் நோட்டீஸை விரித்து அந்த வரியில் விரல் வைத்தேன்.

"இது இன்னா சார், பதினோரு தடவ?"

"அது நம்ம ஆபீசர் வந்து பார்த்ததுக்கு. எல்லாருக்கும் போடறதுதான்."

"யாரு வந்தா? ஒரு நாளும் வரல. ஒரு ஆளும் வரல எங்க கொல்லிக்கு."

கோபத்தில் சொன்னேன், கஜேந்திரா. சொன்னது தப்பு. அந்த மீசைப் பிள்ளை பீரோவைத் திறந்து ஆய்வுச் சீட்டுகளின் கட்டை எடுத்து வந்து, இரண்டை உருவி மேசைமேல் வைத்தான். இரண்டிலும் என் கையெழுத்து. கிணற்றில் வெடி வைத்தபோது ஒரு முறை, மோட்டார் இறக்கினபோது ஒரு முறை அவன் வந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இது யாரும்மா போட்டது? பேங்க்கு வந்து பொய் சொல்றதா? வாங்குன கடனைக் கட்ட வக்கில்ல, கேள்வி மட்டும் வருது."

நான் வாயைத் திறக்குமுன் உன் மாமன் எழுந்தார். இரண்டு கையும் கூப்பினார். அந்த இடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற குரலில் சொன்னார்.

"மன்னிச்சிக்கோங்க சார். படிக்காத பொம்பள. இன்னா பேசறோம்னு தெரியாம பேசிட்டா. கடன் வாங்கினவ கணக்கு கேக்கறது தப்புதான். அவளுக்காவ நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

பிறகு என் முழங்கையைப் பிடித்தார். "ஏந்திரு, போலாம். மோட்டாரு போனா போவுது. மானம் போவுது இங்க."

நின்றுகொண்டிருப்பவளைப் பார்த்து ஏந்திரு என்கிறார், அவ்வளவு பதற்றம். நான் கையை விடுவித்துக்கொண்டேன். "நீ போ அண்ணே. உனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றேன். போகமாட்டார் என்று நினைத்தேன். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உன் நைனா எங்கேயோ சுவரைப் பார்த்தபடி நின்றார். பெஞ்சில் இருந்த திருப்புலிவனத்து அம்மாள் மட்டும், "குந்து எக்கா, தண்ணி குடி, அப்பால பேசு" என்று தன் சொம்பை நீட்டினாள். குடித்தேன். அந்தத் தண்ணீர் குடித்த நேரத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. நாம் ஒரு வார்த்தை அதிகம் சொன்னோம், அதனால் மற்ற வார்த்தையெல்லாம் பொய்யாகிவிடுமா என்று தோன்றியது. திரும்பப் போய் மேசை முன்னால் நின்றேன்.

"சார், நான் சொன்னது தப்பு. ரெண்டு தடவ வந்தாரு. வெடி வெச்சப்போ ஒண்ணு, மோட்டாரு எறக்கனப்போ ஒண்ணு. ரெண்டுக்கும் நான்தான் கையெழுத்து போட்டேன். அந்த முப்பத்தாறு ரூபா உங்க காசு, நான் கேக்கல. மீதி ஒம்போது சீட்டயும் எடுத்து வையுங்க, பாப்போம்."

பிள்ளை மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர், "காட்டுப்பா, காட்டி அனுப்பு" என்றார். ஒன்பதையும் வரிசையாகப் பரப்பினான். கஜேந்திரா, ஒன்பதிலும் உன் நைனா கையெழுத்து. அவர் கையெழுத்து உனக்குத் தெரியுமே, கடைசி எழுத்தில் ஒரு வால் இழுத்துவிடுவார். ஒன்பது வால். மேனேஜர் சிரித்தார். "இதுவும் உங்க வீட்டுக்காரர் கையெழுத்து இல்லைன்னு சொல்லப் போறீங்களா?" பின்னால் அந்த அம்மாள், "எல்லாம் பூடுச்சி போ" என்று முணுமுணுத்தது கேட்டது.

நான் உன் நைனாவைப் பார்த்தேன். அவர் தன் காலைப் பார்த்தார். கேஷியர்கூட நோட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டார். பிறகு உன் நைனா, யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்தே சொன்னார்.

"நான்தான் போட்டேன். டீக்கடையில வெச்சி. மூணு தபா, ஒவ்வொரு தபாவும் மூணு சீட்டு. காலியா இருந்துது சார், எழுத்து ஒண்ணும் இல்ல. அப்பால நிரப்பிக்கறேன்னாரு. டீ வாங்கிக் குடுத்தாரு, போட்டேன். கொல்லிக்கு வரல."

உன் நைனா வெளியிடத்தில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசி நீ கேட்டிருக்கமாட்டாய். பேசிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரமும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. அதை அப்போது பார்க்க நேரமில்லை. மேனேஜர் விடவில்லை. காலிச் சீட்டோ நிரப்பின சீட்டோ, கையெழுத்துக் கையெழுத்துதான், புருஷன் போட்டால் பெண்டாட்டி போட்ட மாதிரி என்றார். அப்போதுதான் என் கண் சீட்டின் அடிப்பக்கம் போனது. அச்சடித்திருந்தது, தமிழில். விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். சத்தமாகவே கூட்டினேன். எனக்கு வெட்கம் போய்விட்டது.

"க-ட-ன்-தா-ர-ர், கை-யொ-ப்-ப-ம். கடன்தாரர் யாரு சார்?"

மேனேஜர் அந்தச் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான். நிலம் எங்கப்பன் எனக்கு குடுத்தது. கடன் என் பேர்ல. நோட்டீசு என் பேர்ல. இவரு வந்த ரெண்டு நாளும் கிணத்தாண்ட வெச்சி என் கையெழுத்துதான் வாங்கனாரு. வராத ஒம்போது நாளைக்குதான் என் வூட்டுக்காரரு கையெழுத்து. அவரு போட்டா போதும்னா கடன அவரு பேருக்கு மாத்திக்குங்க, என் நிலத்துப் பத்திரத்த இப்பவே எடுத்துக் குடுங்க. நான் போயிக்கினே இருக்கேன்."

திருப்புலிவனத்து அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்டி கேளு எக்கா. நல்லா கேளு." கேஷியர் குனிந்து இருமினார், அது இருமல் இல்லை. சுவரோரம் இருந்த பெரியவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார். பதினோரு சீட்டையும் இரண்டு பிரிவாக எடுத்து அடுக்கினார், இரண்டு, ஒன்பது. ஒன்பதில் மூன்றைத் தனியாக இழுத்து, "இந்த மூணும் ஆடி, ஆவணியில போட்டிருக்கு. மோட்டார் நல்ல நிலையில் ஓடுகிறதுன்னு எழுதியிருக்கு. அப்போ ஓடுச்சாம்மா?" என்று கேட்டார். நான் பையில் கையை விட்டேன். வீட்டில் இருக்கிற காகிதம் அத்தனையும் எடுத்து வந்திருந்தேன், எது எதற்கு உதவும் என்று தெரியாததால். வாலாஜாபாத்துக் கடைக்காரன் எழுதிக் கொடுத்த பில் அதில் இருந்தது. மோட்டார் வந்த நாள், எடுத்துப் போன நாள் இரண்டும் போட்டு, கடை முத்திரை குத்தினது. நாற்பத்தொரு நாள். மூன்று சீட்டும் அதற்குள். கொல்லியில் வெறும் குழாய் நின்ற நாளில் மோட்டார் நல்ல நிலையில் ஓடியிருக்கிறது. பெரியவர் பில்லைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிள்ளைக்கு மேலுதட்டில் வேர்த்தது. "மாசத்துக்கு இத்தனை கிணறு பாக்கணும்னு கணக்கு சார். ஒரு வண்டி, அறுபது ஊரு சார்" என்றான்.

இதோடு முடிந்தது என்று நினைத்தாயா? மேனேஜர் குரலை இறக்கிக்கொண்டு, "சரிம்மா, தப்பு நடந்திருக்கு. அந்த நூத்தறுபத்திரண்டையும் திருப்பிடறோம். ஆனா உங்க கணக்கு கடன்ல இருக்கு. கையில தர முடியாது. கடைசித் தவணையில கழிச்சுக்கறோம்" என்றார். கடைசித் தவணைக்கு இன்னும் நாலு வருஷம். நாளைக் காலையில் ஜீப்.

"இன்னிக்கி எனக்கு நூத்தறுவது கொறையுது. அதுக்குதான் நாளைக்கி மோட்டார கழட்ட வரீங்க. என் காசு நூத்தறுபத்திரண்டு உங்க பொட்டியில கீது. நாலு வருசம் கழிச்சி கழிச்சிப்பேன்றீங்களே, நாலு வருசத்துக்கு என் நெல்லு பால் பிடிச்சிக்கினு நிக்குமா?"

"ரூல் அப்படிம்மா. நோட்டீஸ்ல போட்ட தொகையை நான் இங்க குறைக்க முடியாது. கடன்ல இருக்கறவங்களுக்கு பணத்தைக் கையில தரவும் முடியாது."

"கடன் நான் வாங்கனது, நான் கட்றேன். இது நீங்க வாங்கனது. நீங்கதான கட்டணும். என் கடன காட்டி உங்க கடன மறைக்கறீங்களே சார்."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த அம்மாவுக்கு நம்ம கிட்ட சேவிங்ஸ் கணக்கு இருக்கில்ல?" என்று கேட்டார். இருந்தது. கடன் கேட்டபோது அஞ்சு ரூபாய் போட்டு ஒன்று ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார்கள். கிளையில் நடந்த தவறு, கிளையிலேயே இன்றைக்கே திருத்தலாம், அந்தச் சேவிங்ஸில் வரவு வையுங்கள், அந்தத் தொகைக்கு இத்தனை நாள் ஏறின வட்டியையும் சேருங்கள் என்றார். மேனேஜர் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். இவர் அதைவிடச் சின்னதாக இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மேனேஜர் பேனாவை எடுத்தார். பெரியவரே உட்கார்ந்து வட்டி போட்டார், முப்பத்தொன்று. மொத்தம் நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

மணி ஒன்றரை தாண்டிவிட்டது. இரண்டு மணிக்குக் கூண்டை மூடிவிடுவார்கள். பணம் எடுக்கிற சீட்டை எழுதி, கையெழுத்துப் போட்டு, பித்தளை டோக்கன் வாங்கிக்கொண்டு கூண்டுக்கு முன்னால் நின்றேன். கேஷியர் நூற்றுத் தொண்ணூற்று மூன்றை எண்ணிக் கொடுத்தார். நான் அங்கேயே நின்று இரண்டு முறை எண்ணினேன். கடன் கட்டுகிற செலானை நீட்டி, தொள்ளாயிரத்தோடு நூற்றறுபதைச் சேர்த்து அதே கம்பிக்குள் தள்ளினேன்.

"ஏம்மா, இந்தக் கையில வாங்கி அந்தக் கையில குடுக்கறதுக்கு எதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்? நானே கழிச்சிருப்பேனே" என்றார் கேஷியர்.

"வாங்கனது ஒண்ணு, குடுத்தது ஒண்ணு. ரெண்டுக்கும் தனித்தனி ரசீது வோணும். முத்திர நல்லா விழற மாதிரி குத்துங்க."

குத்தினார். இரண்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருந்தது. திரும்பிப் பார்த்தால் திருப்புலிவனத்து அம்மாள் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த தன் கடன் நோட்டீஸை எடுத்து விரித்துக்கொண்டிருந்தாள். "எக்கா, நீ எழுத்துக் கூட்றியே, என்துலயும் அந்த ஆய்வு கீய்வு ஏதுனா கீதா பாரு" என்றாள். மேனேஜர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவளுடையதில் ஆறு முறை இருந்தது. பெரியவர் தன் நாற்காலியை மேனேஜர் மேசைப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

கையில் முப்பத்து மூன்று ரூபாய் மிச்சம். வெளியே வந்ததும் உன் நைனா என்னைவிட இருபது அடி பின்னால் நடந்தார். பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வந்தது. மூன்று ரூபாயை எடுத்து அவர் கையில் வைத்து, "இனிமே டீய நம்ம காசுல குடிங்க" என்றேன். சுற்றி ஆட்கள் இருந்தார்கள். அதை நான் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் அவர் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்று உனக்குச் சொல்கிறேன், அவரிடம் சொல்லாமல் விட்டது. அன்றைக்கு ஜெயித்தது என் வாய் இல்லை. கொல்லிக்கு வரல என்று அவர் சொன்னாரே, அதுதான். அவர் மட்டும், வந்தார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கூட்டின எழுத்தெல்லாம் வீண். தன் மானத்தைத் தானே எடுத்து அந்த மேசைமேல் வைத்தார் அந்த மனிதர். அவர் உயிரோடு இருந்த வரைக்கும், நீங்க சொன்னதாலதான் மோட்டாரு நம்ம கொட்டகையிலயே நின்னுது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்தபோது, ஆமாம் ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. அவர்களுக்குச் சேதி போகவில்லை போலிருக்கிறது. நான் மோட்டார் கொட்டகை வாசலில் நின்று ரசீதைக் காட்டினேன். டிரைவர் பார்த்துவிட்டு, "அப்ப எங்களுக்கு இங்க வேல இல்லம்மா" என்று குழாயில் முகம் கழுவிக்கொண்டு போனான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தை பிறந்து அறுத்தபோது இருபத்திரண்டு மூட்டை கண்டது. அறுப்பன்று அந்த மீசைப் பிள்ளை வரப்பில் வந்து நின்றான். சீட்டை நீட்டி, "இன்னிக்கி நெஜமாவே வந்துக்கீறேம்மா, எழுதிக்கட்டுமா?" என்றான். எழுதிக்கோ என்று கையெழுத்துப் போட்டேன். பதினெட்டு ரூபாய். சந்தோஷமாகக் கொடுத்தேன்.

நீயும் போ, கஜேந்திரா. மூன்று தவணை பாக்கி இருந்தால் இருக்கட்டும். அதை அவர்கள் கேட்காமல் விடப்போவதில்லை, நீயும் கட்டாமல் இருக்கப்போவதில்லை. இரண்டாவது முறை பிடித்த இன்சூரன்ஸ் அவர்கள் கட்ட வேண்டிய கடன். இருக்கிற காகிதம் அத்தனையும் எடுத்துப் போ. மருமகளையும் அழைத்துப் போ, முதலில் பார்த்த கண் அவளுடையது. நடந்ததைவிட ஒரு வார்த்தை கூடச் சொல்லாதே. சொல்லிவிட்டால் நீயே திருத்து, அதற்காக அங்கிருந்து எழுந்து வந்துவிடாதே. கடைசியில் கழித்துக்கொள்கிறோம் என்பார்கள். கையில் வாங்கு. வாங்கி எண்ணு. பிறகு உன் கையால் தவணைக்குக் கட்டு.

அந்தப் பிள்ளையை மன்னித்துவிட்டேன். அறுபது ஊருக்கு ஒரு வண்டியை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான். மேனேஜரை மன்னித்துவிட்டேன், கடைசியில் அவர்தானே கையெழுத்துப் போட்டார். உன் நைனாவை எப்போது மன்னித்தேன் என்று எனக்கே தெரியாது, பஸ் சாலவாக்கம் வருவதற்குள் இருக்கும். 'நான் பேசித்தான் அந்தப் பணத்தை வாங்கிக் கொடுத்தேன்' என்று பிற்பாடு ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்த ஆளையும், அந்தப் பேச்சுக்காக மன்னிக்கலாம், அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். ஆனால் எனக்காக என்று சொல்லி, என்னைக் கேட்காமல், நான் கேட்ட கேள்விக்காக எல்லார் முன்னாலும் கை கூப்பி மன்னிப்புக் கேட்டாரே, அதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை. இன்றும் தையில் சீர் கொண்டு வருகிறார், வாங்கி வைக்கிறேன், இலை போடுகிறேன், இரண்டாம் முறை சோறு கேட்டால் போடுகிறேன். அவ்வளவுதான். அவர் பேர் ஏகாம்பரம், என் கூடப் பிறந்த அண்ணன்.